கோலம் போட்ட நாற்பது வீடுகள்

கூவலூரில் இரண்டு வருஷமாக மழை பொய்த்திருந்தது. பஞ்சமா, களஞ்சியத்தைத் திறக்க வேண்டுமா என்று பார்த்துவர அரசர் ஓர் ஆளை அனுப்பினார். அவன் பெயர் திருமலைக்கொழுந்து. நாற்பது வீடுகளுக்குள் போய் அரிசிப் பானையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். நாற்பதிலும் அரிசி இருந்தது. ‘பஞ்சமில்லை’ என்று ஓலை எழுதினான். அரசருக்கு அதைவிட இனிப்பான சேதி ஏது? களஞ்சியத்தைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்துக் கொழுந்து மறுபடியும் அந்த ஊருக்கு வந்தான். ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கிழவன் மட்டும் பார்த்தான். பார்த்துவிட்டுக் காறித் துப்பினான். கொழுந்துக்கு நெஞ்சு கொதித்தது. ஊர்க்கோடியில் குடிலில் இருந்த தன் குரு நாச்சியாரம்மையிடம் நேராகப் போய் நின்றான்.

“அம்மா, நான் ஒரு எழுத்துகூடப் பொய்யா எழுதல. ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்க. நான் நாப்பது பாத்தேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இந்த ஊரு கேக்கும்.”

“ஊர்ல எத்தனை வீடு?”

“முந்நூறு இருக்கும்.”

“அதுல நாப்பதை எப்படிப் பொறுக்குன?”

இந்தக் கேள்விக்குத்தான் அவன் காத்திருந்தான்.

“நல்லாக் கேட்டீங்க. பணக்காரன் ஏழைன்னு பாக்கல. தெரிஞ்சவங்க வீட்டுக்குப் போகல. ஒரு தெரு விடாம எல்லாத் தெருவுலயும் நுழைஞ்சேன். வாசல்ல கோலம் இருக்கான்னு மட்டும்தான் பாத்தேன்.”

“இல்லாட்டி?”

“கோலமில்லாத வீடு துக்க வீடாச்சே அம்மா. எழவு விழுந்த எடத்துல போய் அரிசிப் பானையைத் தொறன்னு கேக்கலாமா? மனுசத்தன்மை வேணாமா?”

அந்த மனுசத்தன்மையில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“அப்படி எத்தனை வீடு?”

“எண்ணல அம்மா. நெறைய இருந்துச்சு. ஏதோ நோய் பரவுதுன்னு நெனச்சேன்.”

அம்மை எழுந்து உள்ளே போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் இவ்வளவு மெலிந்திருப்பதை அப்போதுதான் அவன் கவனித்தான். திரும்பி வந்து ஒரு கொட்டாங்கச்சியை அவன் கையில் கொடுத்தார். கோலமாவு வைக்கிற கொட்டாங்கச்சி. கூவலூரில் கோலத்துக்குக் கல்மாவு தொடமாட்டார்கள்.

“உள்ள என்ன இருக்கு?”

அவன் விரலை விட்டுத் தடவினான். வழித்து எடுத்தது போலத் துடைத்துக் கிடந்தது.

“மாவு இல்ல அம்மா.”

“என்ன மாவு?”

“அரிசி…”

அவன் திரும்பி வாசலைப் பார்த்தான். வரும்போது எதை மிதிக்காமல் தாண்டினோம் என்று யோசித்தான். தாண்டுவதற்கு அங்கே கோலம் எதுவும் இல்லை.

“இங்க… யாராவது தவறிட்டாங்களா?”

“இல்லப்பா. மாவைக் கரைச்சுக் கஞ்சி காய்ச்சினேன். நீ வந்தப்போ ஊர்ல பாதிப் பேரு அதைத்தான் குடிச்சாங்க.”

செத்துப்போகலாம் போலிருந்தது அவனுக்கு. சட்டென்று கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தான்.

“இப்பவே போறேன் அம்மா. கோலமில்லாத வீடு ஒண்ணு விடாமப் பாத்து, வேற ஓலை எழுதுறேன்.”

“போ” என்றார் அம்மை. “துக்க வீடுன்னு சொன்னியே, இப்போ அது சரிதான்.”