துவைக்காத பத்து ஜெர்சி

மழைச் சேற்றில் நடந்த கால்பந்து ஆட்டத்தில் எங்கள் ஊர் அணி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. அந்த ஒரு கோலும் எதிரணிக்காரன் தவறித் தன் பக்கமே அடித்துக்கொண்டது.

"ஜெயிச்சாலும் டீமுல ஏதோ கோளாறு இருக்கு" என்று மறுநாள் டீக்கடையில் ரசிகர்கள் சண்டை போட்டார்கள். ஜெர்சி துவைக்கும் சலோமியும் ஆமாம் போட்டாள்.

கிளப் தலைவர் பெர்க்மான்ஸுக்குப் பொறுக்கவில்லை. "கோளாறைக் காட்டு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

சலோமி பத்து ஜெர்சிகளைக் கொண்டுவந்து வைத்தாள். தலைவர் ஒன்றை மோந்து பார்த்தார்.

"துவைக்க மட்டும் நல்லா தெரியுது. ஒரு பொட்டு அழுக்கில்லை."

"இன்னும் துவைக்கவே இல்லை, தலைவரே. நேத்து கழட்டிப் போட்டது அப்படியே இருக்கு."

தலைவர் ஜெர்சியைக் கீழே வைத்தார். "கோல்கீப்பரோடது எங்கே?"

"மூணு தரம் துவைச்சாச்சு. சேறு போகல."