கூலிப்பாறையின் பின்பக்கம்

ஒரு காட்டில் கிழங்குச் சரிவு என்றொரு மேடு இருந்தது. மேடு, மேட்டின் கிழங்கு, அடிவாரத்துக் குகைகள் எல்லாமே மொந்தையன் என்ற கரடிக்குச் சொந்தம். மொந்தையன் மகா கஞ்சன். பிள்ளைகளே, அவன் தும்மினால்கூட பாதித் தும்மலை நாளைக்கு எடுத்து வைப்பான்!

அங்கே கிழங்கு தோண்டுகிறவள் சிலுப்பி என்னும் முள்ளம்பன்றி. சாது, ஆனால் கெட்டிக்காரி. அவளுக்கு இரண்டு குட்டிகள்.

சாயங்காலமானால் சிலுப்பி, முயல், காட்டுப்பன்றி என்று வேலை செய்தவர்கள் எல்லோரும் கூலிப்பாறை முன் வரிசையாக நிற்பார்கள். பாறையின் முகத்தில் ஒரு கிழங்கின் படம், அதன் கீழே ஐந்து கீறல். கரடியின் அப்பா தன் நகத்தால் கீறியது. அதன்படி ஆளுக்கு ஐந்து கிழங்கு கூலி. அதிலிருந்து மூன்றைக் குகை வாடகை என்று கரடி அங்கேயே பிடுங்கிக்கொள்வான். மிச்சம் இரண்டு. சிலுப்பி வீட்டில் வாய் மூன்று. அதனால் குட்டிகள் தின்னும், அவள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பாள்.

ஒருநாள் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கரடி மீசையைத் தடவினான்.

"மழைக்காலம் வருது. குகைக்குக் கிராக்கி! நாளையிலேருந்து வாடகை நாலு கிழங்கு. முடியாதவங்க வெளியே போகலாம்."

சிலுப்பி கணக்குப் போட்டுப் பார்த்தாள். மிஞ்சும் ஒரு கிழங்கை எந்தக் குட்டிக்குக் கொடுப்பாள்? மழையில் குட்டிகளை எங்கே கொண்டுபோவாள்?

மறுநாள் மதியம் அவள் கூலிப்பாறையின் பின்பக்கம் தோண்டிக்கொண்டிருந்தாள். முள் உரசிப் பாசி பெயர்ந்தது. எட்டிப் பார்த்தாள். நன்றாக இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு கொடியை இழுத்து அதை மூடிவிட்டு, வேலையைத் தொடர்ந்தாள். எதைப் பார்த்தாள் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

சாயங்காலம் எல்லோரும் கூடியதும் சிலுப்பி கேட்டாள்: "அண்ணாச்சி, வாடகையை ஏத்திட்டீங்க. கூலியையும் ரெண்டு ஏத்திக் குடுங்க."

"கூலியா!" கரடி குதித்தான். "உங்கப்பன் இதே அஞ்சு கிழங்குல ஆறு பிள்ளைகளை வளர்த்தான். உனக்கு ரெண்டு பிள்ளைக்கே போதலையா? நீதான் ஊதாரி!"

முயல் பயந்து காதை மடக்கிக்கொண்டது. சிலுப்பி அசையவில்லை.

"அப்போ உங்கப்பா கீறினதுதான் சட்டம்?"

"ஆமா!"

"அதை மாத்தவே மாட்டீங்க?"

"எங்கப்பா மேல ஆணை! இந்தப் பாறையில அவர் கீறினதை ஒரு நகக்கண் அளவுகூட மாத்த மாட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க!"

"கேட்டுக்கிட்டோம்" என்ற சிலுப்பி, பாறையின் பின்னால் போய்க் கொடியைச் சரசரவென்று இழுத்துப் போட்டாள். "இந்தப் பக்கமும் உங்கப்பா கீறினதுதானே, அண்ணாச்சி?"

எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அங்கே ஒரு குகை வாயின் படம். அதன் கீழே ஒரே ஒரு கீறல்.

"அடேயப்பா!" என்றது காட்டுப்பன்றி. "குகைக்கு ஒரு கிழங்குதான் குடுத்தேன்னு எங்கப்பா சொல்வாரு. சும்மா கதை விடுறாருன்னுல்ல நினைச்சேன்!"

கரடிக்கு வேர்த்துக் கொட்டியது. "அது... அது அந்தக் காலத்து வாடகை!"

"கூலியும் அந்தக் காலத்துதானே?" என்றாள் சிலுப்பி. "அந்தக் காலத்துல எங்கப்பாவுக்கு நாலு கிழங்கு மிஞ்சுச்சு. எனக்கு இன்னைக்கு ஒண்ணு. நானா ஊதாரி? பழைய கூலின்னா வாடகையும் பழசு. புது வாடகைன்னா கூலியும் புதுசு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

கரடி சுற்றிலும் பார்த்தான். முயல்கூடக் காதை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அத்தனை பேர் முன் அப்பா மேல் வைத்த ஆணையை எப்படி விழுங்குவான்? கையை நீட்டினான். சிலுப்பி அதில் ஒரே ஒரு கிழங்கை வைத்தாள். அவளுக்குப் பின்னால் காட்டுப்பன்றியும் ஒன்று வைத்தது, முயலும் ஒன்று வைத்தது.

அவள் குகைக்குள் நுழைவதற்கும் மழை பிடித்துக்கொள்வதற்கும் சரியாக இருந்தது. குட்டிகள் ஆளுக்கொன்று தின்றன. சிலுப்பி இரண்டு தின்றாள்.

நீதி: விலையை இன்றைய காலத்துக்கு ஏற்றுகிறவன், கூலியை மட்டும் அப்பன் காலத்தில் நிறுத்துவது நியாயம் அல்ல.