சாட்சி சொன்ன ஓடை

எந்தக் காலம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ராஜாக்கள் நினைத்தால் ஊரே இடம் மாறிய காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஒரு ராஜாவுக்குத் தன் தேர் எங்கும் வளையாமல் நேராக ஓட வேண்டும் என்று ஆசை வந்தது. ஊருக்கு நடுவே அவ்வளவு நேராகப் போனது ஓர் ஓடைதான். மராமத்து மந்திரி வல்லபராயர் அதன்மேல் கருங்கல் பலகைகளை வரிசையாக அடுக்கி, அதையே ராஜபாட்டை ஆக்கிவிட்டார். பாட்டையின் கீழ்க்கோடியில் தனக்கும் ஒரு மாளிகை எழுப்பிக்கொண்டார்.

மூன்றாம் வருஷ மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் மேற்கே இருந்த சாயக்காரர் தெருவுக்குள் புகுந்தது. சாயக்காரர் பெத்தணன் ஒரு மூங்கிலை எடுத்துக்கொண்டு, கல்லுக்கு அடியில் அடைத்திருந்த முள்ளையும் குப்பையையும் தள்ளிவிடப் போனார். அடைப்பு விட்டது. தண்ணீர் அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. மூன்று நாளாகியும் அவர் எந்தப் பக்கமும் வெளியே வரவில்லை.

பெத்தணனின் மனைவி வெள்ளையம்மாளுக்கு ஒரு தம்பி. சோலையப்பன் என்று பெயர். அரண்மனை விகடகவி. அவன் ஓடி வந்தபோது அக்காள் சேற்றில் நின்றிருந்தாள்.

"சிரிக்க வைக்கிறதுக்குத்தானே உனக்கு அங்க சோறு போடுறாங்க," என்றாள் அவள். "இன்னிக்குச் சிரிக்க வைக்காதே. உன் மாமாவை வெளியே எடுத்துக் குடுக்கச் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

சோலையப்பன் அந்தச் சேற்றுக் காலோடு சபைக்குப் போனான். நடந்ததைச் சொன்னான். கல்லைப் பெயர்க்க உத்தரவு கேட்டான்.

"மகாராஜா, இந்த ஊரில் ஓடை என்று ஒன்று இருந்ததே இல்லை," என்றார் வல்லபராயர். "ஒரு பள்ளம் இருந்தது. அதை மண் கொட்டித் தூர்த்துத்தான் பாட்டை போட்டேன். மண்ணுக்குள் மனிதன் எப்படிப் போவான்? அந்த ஆள் பெண்டாட்டியை விட்டு எங்காவது ஓடிப்போயிருப்பான்."

ராஜாவின் பக்கத்தில் சோலையப்பனுக்குப் போட்டிருந்த ஆசனம் வெகுநாளாகப் பலர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. அவர்கள் எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள். சோலையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

ராஜாவுக்கு இது நல்ல விளையாட்டாகத் தோன்றியது. "சோலையப்பா, ஓடை இருப்பது மெய்யானால் அதுவே நம் முன் வந்து சாட்சி சொல்லட்டும். நாளை உச்சிவேளை வரை தவணை."

"பாட்டையில் ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது, மகாராஜா," என்றார் வல்லபராயர். "சாட்சி வராவிட்டால் இவன் ஊரைவிட்டே போக வேண்டும்."

"அவ்வாறே ஆகட்டும்."

"ஓடைக்கு வாய் கிடையாது, மகாராஜா," என்றான் சோலையப்பன். "அது தனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னால் ஏற்பீர்களா?"

"நம் கண்ணால் கண்டால் ஏற்போம்."

பாட்டை போட்ட வருஷம்தான் ராஜா தினமும் குளிக்கும் அரண்மனைக் குளத்தில் புதிதாக ஓர் ஊற்று பிறந்தது. மகாராஜாவின் புண்ணியத்தால் பொங்கிய ஊற்று என்று சொல்லி வல்லபராயர் ராஜாவிடம் வீரக்கழல் பரிசு வாங்கியிருந்தார். அவர் மாளிகைக் குளத்திலும் அதே வருஷம் ஓர் ஊற்று. இரண்டு புண்ணியமும் எங்கிருந்து வருகின்றன என்று சோலையப்பன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தான்.

சாயக்காரர் தெருவில் வெள்ளத்துக்குத் தப்பியது பதினோரு தொட்டிச் சிவப்புச் சாயம். அந்த வருஷத்துப் பிழைப்பே அதுதான். அவன் கேட்டதும் ஒருவரும் மறுக்கவில்லை. விடிந்ததும் பதினோரு தொட்டியையும் கல்லுக்கு அடியில் கவிழ்த்தார்கள்.

காலையில் சபைக்கு வந்த ராஜாவின் நரைத்த மீசை செக்கச்செவேலென்று இருந்தது. காது மடலும் நகமும் சிவப்பு. சொல்லப் பயந்து எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சற்றுப் பொறுத்து வல்லபராயர் வந்தார். கழுத்துவரை சால்வையைச் சுற்றியிருந்தார். அதற்குமேல் முகம் பழுத்த மிளகாய் போல் இருந்தது. அவரைப் பார்த்ததும் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையும் சிரித்தது.

சோலையப்பன் சிரிக்கவில்லை.

"சாட்சி வந்துவிட்டது, மகாராஜா. இன்று காலை மேற்கே எங்கள் தெருவில் கல்லுக்கு அடியில் சாயம் ஊற்றினோம். அது தங்கள் மீசையில் வந்து நிற்கிறது. மந்திரி முகத்திலும் நிற்கிறது. மண் கொட்டித் தூர்த்த பள்ளத்தில் இது எப்படி நடந்து வந்தது என்று அவரையே கேளுங்கள்."

"அப்படியானால் நம் ஊற்று?"

"ஊற்று இல்லை. ஓடையைத் திருடி இரண்டாகப் பங்கு போட்டிருக்கிறார். என் அக்காள் புருஷன் அந்தத் தண்ணீரில்தான் கிடக்கிறார். நான்கு நாளாகத் தாங்கள் குளித்ததும் அதே தண்ணீரில்தான்."

ராஜா தன் கைகளைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். சாயம் போகவில்லை. மறுபடியும் துடைத்தார். பிறகு சேவகர்களைக் கூப்பிட்டார்.

"கல்லைப் பெயர்க்கட்டும். முதல் கடப்பாரையை வல்லபராயர் கையில் கொடுங்கள். கடைசிக் கல் வரை அவர் அதைக் கீழே வைக்கக் கூடாது."

சோலையப்பனுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். அவன் வணங்கி வாங்கிக்கொண்டான்.

கீழ்க்கோடியிலிருந்து பெயர்க்கத் தொடங்கியதில் பெத்தணன் அன்று சாயங்காலமே கிடைத்தார். வல்லபராயர் மாளிகைக் கூடத்தைத் தாங்க ஓடைக்கு நடுவே ஒரு தூண் நட்டிருந்தது. அதில் சிக்கியிருந்தார். கை மூங்கிலை விடவில்லை. சோலையப்பன் தண்ணீருக்குள் இறங்கி அவரைத் தூக்கிக் கரையில் கிடத்தி, பொன்னாடையை உதறி அவர்மேல் போர்த்தினான். வெள்ளையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள்.

அதன்பின் சோலையப்பன் சபைக்குப் போகவில்லை. தினமும் ஓடைக்கரையில் நின்று வல்லபராயர் கல் பெயர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நாள் பொறுத்து ராஜா சேவகனை அனுப்பினார்.

"மகாராஜாவுக்கு மனசு சரியில்லையாம். வந்து நாலு வார்த்தை சிரிக்கப் பேசச் சொன்னார், ஐயா."

சோலையப்பன் பாட்டையின் நீளத்தைக் கண்ணால் அளந்தான்.

"இன்னும் நூற்று நாற்பது கல் இருக்கிறது என்று போய்ச் சொல்," என்றான்.