சடையனின் கீறல் விழாத கண்ணாடி

தேனுக்குக் குறைவில்லாத ஒரு காட்டில் சடையன் என்று ஒரு கரடி இருந்தது. பலத்துக்குக் குறைச்சல் இல்லை, கண்தான் சரியில்லை பிள்ளைகளே. நாலடிக்கு அப்பால் இருப்பதெல்லாம் அதற்கு மோர்க்குழம்பு மாதிரி கலங்கித்தான் தெரியும்.

ஐயோ பாவமே என்று அதன் தோழி மைனா எங்கிருந்தோ ஒரு மூக்குக்கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தது. சடையன் போட்டுப் பார்த்தது. மரத்தில் இலைகள் தனித்தனியாக இருப்பதைக் கண்டு அழுதே விட்டது. அதோடு சரி. உடனே கழற்றி, வாழைச்சருகில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டது.

"ஏன் கழற்றினாய்?" என்று கேட்டது மைனா.

"நடக்கப் போகிறேனே. விழுந்தால் உடைந்துவிடாதா?"

நடந்தது. கண் தெரியாமல் வேரில் இடறிக் குப்புற விழுந்தது. எழுந்ததும் முதல் வேலையாகச் சருகைப் பிரித்துப் பார்த்தது. கண்ணாடி முழுசாக இருந்தது.

"பார்த்தாயா? போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்றது பெருமையாக.

அன்றிலிருந்து விழ விழ அதன் நம்பிக்கை வளர்ந்தது. தினம் ஆறு தடவை விழுகிற கரடி கண்ணாடி போடலாமா என்று எல்லோரிடமும் நியாயம் கேட்டது. மைனாவுக்குத் தலை சுற்றியது.

இப்படி இருக்கையில், மேற்குச் சரிவிலிருந்து சடையனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் பூவாயி. தனியாக இருந்து இருந்து நொந்துபோன கரடி அல்லவா? இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று சடையன் ஏங்கியது.

"பெண் பார்க்கப் போகிறாய். இன்றைக்காவது போட்டுக்கொள்," என்று கெஞ்சியது மைனா.

"இப்போதே கீறல் விழுந்தால் கல்யாணத்தன்று எதைப் போடுவது?" என்றது சடையன்.

நாலு முறை விழுந்து எழுந்து, மைனாவோடு ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. சரிவின் அடியில், அத்திமரத்துக்குக் கீழே பூவாயி காத்திருந்தது. பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கறையான் புற்று. சடையன் நேராகப் போய்ப் புற்றின் முன்னால் உட்கார்ந்து, கொண்டுவந்த தேனடையை அங்கே வைத்தது.

"எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. உனக்கு?" என்றது புற்றிடம்.

புற்று பேசவில்லை.

"வெட்கப்படுகிறாள்," என்றது மைனாவிடம்.

பூவாயி தொண்டையைச் செருமியது. சடையன் அந்தப் பக்கம் திரும்பி, "மாமா, எங்களைக் கொஞ்சம் தனியாகப் பேச விடுங்கள்," என்றது.

மைனா பூவாயியின் காதில் கண்ணாடி விஷயத்தைச் சொன்னது. பூவாயிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "கண் தெரியாததை நான் குறையாக நினைக்கவில்லை. கண்ணாடியைக் கக்கத்துக்குப் போட்டிருக்கிறீர்களே, உங்களோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது?" என்று சொல்லிவிட்டுச் சரிவில் ஏறத் தொடங்கியது.

பேசியது மாமா இல்லை, பெண்தான் என்று அப்போதுதான் சடையனுக்குப் புரிந்தது. அவசர அவசரமாகச் சருகைப் பிரித்துக் கண்ணாடியை மாட்டியது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. தூரத்தில் போகிற பூவாயியின் முதுகு அத்தனை தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு அழகான பெண்ணைச் சடையன் அதுவரை பார்த்ததே இல்லை.

நீதி: கெட்டுவிடுமோ என்று பயந்து உபயோகிக்காமல் வைத்த பொருளும், இல்லாத பொருளும் ஒன்றுதான்.