பன்னீருக்கு முதுகு காட்டியவள்

யாழுக்கு நரம்பு கட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்த காலம் அது. அப்போது கொடைவேல் என்று ஓர் அரசன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் சந்தோஷம் வந்துவிட்டால் அவனைப் பிடித்து நிறுத்த முடியாது, கேளுங்கள்.

பாட்டு பிடித்துப்போனால் வெள்ளிக் கெண்டியோடு இறங்கி வருவான். பாடுகிறவர் தலையிலும் பன்னீர், யாழின் மேலும் பன்னீர். அரசன் கையால் நனைவது பெரும் பேறு என்று சபை மெச்சும். மறுநாள் அந்த யாழ் தோல் தொய்ந்து, நரம்பு தளர்ந்து முனகும். இந்தக் காலத்துப் பாணர்களிடம் ஒரு நாளைக்குத்தான் சரக்கு இருக்கிறது என்று அரசன் அலுத்துக்கொள்வான். குற்றம் கெண்டியில் இருக்கிறது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஓர் ஆண்டு விழாவில், மூன்று நாளும் சுருதி குறையாமல் வாசிப்பவருக்கு ஆற்றங்கரையில் வீடு தருவதாக அரசன் அறிவித்தான். மூன்று யாழ்கள் வந்தன. அவற்றில் ஒன்று வள்ளை என்ற பாடினியுடையது. மழைக்காலம் வந்தால் தன் கூட்டத்தோடு மண்டபம், மாட்டுக்கொட்டகை என்று ஒதுங்கித் திரிகிறவள். இந்த மழைக்குள் பிள்ளைகளுக்கு ஒரு கூரை வேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் வேறொன்றும் இல்லை.

கெண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவள் தம்பி ஏறன் பயந்தான். அவன்தான் அவளுக்கு முழவு வாசிப்பவன்.

"அக்கா, ராஜா கையால் ஊற்றுவது. ஒதுங்கினால் தலை தப்புமா?"

"தலை போனால் என் ஒருத்தியோடு போகும். யாழ் போனால் நாம் அத்தனை பேரும் மழையில் நிற்போம்" என்றாள் வள்ளை.

முதல் நாள் அரசன் கெண்டியோடு வந்தான். மற்ற இருவரும் பல்லெல்லாம் தெரிய யாழோடு நனைந்தார்கள். வள்ளை சட்டென்று திரும்பி முதுகைக் காட்டினாள். சபை முகம் சுளித்தது.

இரண்டாம் நாள் மற்ற இரண்டு யாழ்களும் பிசிறடித்தன. வள்ளையின் யாழ் மட்டும் கணீரென்று பாடியது. இம்முறை அரசன் முன்பக்கமாக வந்தான். அவள் யாழை மடியில் அணைத்து, மேலே கவிழ்ந்துகொண்டாள். அரசனின் முகம் சிவந்தது.

மூன்றாம் நாள் மற்ற இருவரும் வரவே இல்லை. வள்ளை தனியாகப் பாடினாள். பாட்டு முடிந்தபோது அரசன் கோபத்தையும் மறந்திருந்தான். வீடு அவளுக்கே என்று சொல்லிவிட்டு மறுபடியும் கெண்டியை எடுத்தான், பாருங்கள். வென்றாயிற்றே, இன்று யாழும் நனையட்டும் என்றான்.

ஏறன் அவளை முழங்கையால் இடித்தான். வீடுதான் கிடைத்துவிட்டதே, இனி நனைந்தால் என்ன? ஒரு கணம் வள்ளைக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு யாழை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அரசே, வீடு நீங்கள் கொடுத்தது. வாங்கிக் கொடுத்தது இந்த யாழ். வேலை முடிந்தது என்று இதைக் கைவிட என்னால் முடியாது. என் தலையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றுங்கள். முந்தாநாள் இங்கே மூன்று யாழ்கள் பாடின. மற்ற இரண்டும் எங்கே?"

அரசன் காலியாகக் கிடந்த இரண்டு இருக்கைகளைப் பார்த்தான். கையிலிருந்த கெண்டியைப் பார்த்தான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

கெண்டியைக் கீழே வைத்தான். தன் பட்டு மேலாடையைக் கழற்றி, யாழைத் தன் கையாலேயே சுற்றினான். மற்ற இருவரையும் அழைத்து, அரண்மனைச் செலவில் அவர்கள் யாழுக்குப் புதுத் தோல் போர்த்தச் சொன்னான். அதன் பிறகுதான் கெண்டியை எடுத்தான். வள்ளை சிரித்தபடி தலையை நீட்டினாள்.

அந்த ஆண்டு மழை கொட்டித் தீர்த்தது. ஆற்றங்கரை வீட்டுக்குள் பிள்ளைகள் நனையாமல் உட்கார்ந்து யாழ் கேட்டார்கள்.

நமக்குச் சோறு போடும் பொருளைக் கெடுக்க வருகிறவரிடமிருந்து மட்டுமல்ல, பாராட்ட வருகிறவரிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும்.