மயில்தோகை எழுத்து

உதயவல்லப மகாராஜாவுக்கு அந்த வருஷம் எழுத்துப் பித்து பிடித்துக்கொண்டது. அரண்மனை எழுத்தர் சித்திரலிங்கப் பண்டிதர் மயில்தோகை எழுத்து என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கொம்பெல்லாம் மயில் கழுத்து, சுழியெல்லாம் கொடி, புள்ளிக்குப் புள்ளி தாமரை மொட்டு. ஊரிலுள்ள பலகையெல்லாம் அப்படியே மாறியது. மடைப்பள்ளி ஜாடிகளும் தப்பவில்லை. அன்றைக்குப் பாயசத்தில் பெருங்காயம் மணந்தது. ராஜா குடித்துவிட்டு அருமை என்றார். வாசிக்க முடியவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஆற்றில், சுழல் உண்டு இந்தப் பக்கம் வராதே என்றிருந்த பலகையும் மயிலானது. மறுநாளே ஓடக்கார மாசாணம் ராணியின் பட்டுப்பெட்டிகளோடு நேரே சுழலுக்குள் போனான். ஆள் கரையேறினான், பெட்டிகள் போயின. அரச கட்டளையை மீறினான் என்று சபையில் நிறுத்தினார்கள்.

"பலகையைப் பார்த்தாயா இல்லையா?" என்றார் ராஜா.

"பார்த்தேன் சாமி. திருவிழா ஜோடனைன்னு நினைச்சு ஒரு கும்பிடும் போட்டேன்."

நாளை மறுநாள் நாடு கடத்தல் என்று தீர்ப்பானது. விகடம் பேசியே சம்பளம் வாங்குகிற ஆவுடையப்பருக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அந்த ஆற்றை விட்டால் மாசாணத்துக்குச் சோறு ஏது? கெஞ்சினாலோ ராஜா இன்னும் முறுக்கிக்கொள்வார்.

மறுநாள் அவர் ஒரு பட்டுச் சுருளை நீட்டி, மகாராஜாவின் முத்திரை வேண்டும் என்றார். சுருள் முழுக்க மயிலும் கொடியும். ராஜா அதை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு பண்டிதரிடம் தள்ளினார்.

பண்டிதர் தொண்டையைச் செருமினார். ஓடக்காரனை நாடு கடத்தும் ஆணைதான், என்ன அழகான வளைவு என்றார். மந்திரிகள் தலையாட்டினார்கள். முத்திரை விழுந்தது.

ஆவுடையப்பர் நேரே லாயத்துக்குப் போனார். முத்திரையைக் கண்ட லாயக்காரன் ராஜாவின் வெள்ளைக் குதிரையை அவிழ்த்துவிட்டான். அவர் அதில் ஏறிச் சபை வாசலில் வந்து இறங்கினார்.

ராஜாவுக்குக் கண் சிவந்தது. "யாரைக் கேட்டு ஏறினீர்?"

குதிரை எனக்கு என்று மகாராஜாவே முத்திரை வைத்தீர்களே என்றார் ஆவுடையப்பர். பண்டிதர் பதறிப்போய்ச் சுருளை மறுபடி வாங்கி உற்றுப் பார்த்தார்.

"ஆமாம் பிரபு, குதிரையும் இருக்கிறது. இதோ, வால்கூடத் தெரிகிறதே."

ஆவுடையப்பர் கை கூப்பினார். "பிரபு, அதில் ஓடக்காரனும் இல்லை, குதிரையும் இல்லை. ஓர் எழுத்துகூட இல்லை. என் வீட்டுக்காரி பிச்சம்மாள் நேற்று வாசலில் போட்ட கோலம் அது, அவளே பட்டிலும் எழுதித் தந்தாள். நிழலில் உட்கார்ந்து, கையில் வைத்துப் பார்த்து, இத்தனை படித்தவர்களுக்கே அது பிடிபடவில்லை. அந்த ஓடக்காரன் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, இழுக்கிற தண்ணீரில் படித்திருக்க வேண்டுமாம்."

ராஜா பண்டிதரைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார், பாயசம் நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

மாசாணத்தை அப்போதே விட்டார்கள். புதுப் பலகையைப் பண்டிதரே மயிலும் கொடியும் இல்லாத பட்டை எழுத்தில் எழுத வேண்டும், நடு ஆற்றிலிருந்து மாசாணம் அதைப் படித்துச் சொல்லும்வரை அவர் அவன் ஓடத்திலேயே நிற்க வேண்டும் என்று உத்தரவானது.

ஆவுடையப்பர் குதிரையின் கடிவாளத்தைத் திருப்பி நீட்டினார். ராஜா வாங்கவில்லை.

"முத்திரை வைத்தது வைத்ததுதான். ஆனால் குதிரை உமக்கில்லை ஐயா. எழுதினவள் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கட்டும். கோலத்தை மிதிக்காமல்."