பூவாலி முன்னால், அப்பா பின்னால்

ஆற்றோரக் காட்டில் கூர்மூக்கன் என்றொரு நரி இருந்தான். பெயருக்கேற்ற மூக்கு! எந்தப் புதரில் எலி தூங்குகிறது, எந்த வளையில் நண்டு விழித்திருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவான். அதனால் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது!

அவன் மனைவி மாதுளை. மகள் பூவாலி. மகன் சுண்டு இப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். நாலடி நடப்பான், பொத்தென்று உட்காருவான்.

பூவாலி அந்த வருஷம் குருளைப் படையில் சேர்ந்திருந்தாள். காட்டுக் குட்டிகளுக்கான சாரணர் படை அது. முடிச்சுப் போடுவது, ஓடையைக் கடப்பது, கல்லையும் குச்சியையும் வைத்து வழி சொல்வது எல்லாம் அங்கே பழக்குவார்கள். நடத்துபவள் கீரி அக்கா. குட்டிகளிடம் சிரித்துப் பேசுவாள். பெற்றவர்களிடம்தான் கறார்!

வருஷத்துக்கு ஒருமுறை படையில் குடும்ப நடை உண்டு. அன்றைக்குக் குட்டிதான் தலைவர். வழியில் வைத்திருக்கும் கல் அடையாளங்களைப் பார்த்துக் குட்டி முன்னால் போக வேண்டும். அப்பா அம்மா பின்னால் வர வேண்டும். பொழுது சாயுமுன் குடும்பம் முழுவதும் சேர்ந்து நாவல் மரத்தடிக்கு வந்துவிட்டால், குட்டியின் கழுத்தில் மஞ்சள் துண்டு கட்டுவார்கள். ஒருவர் குறைந்தாலும் துண்டு கிடையாது. அடுத்த வருஷம்தான்!

அந்தத் துண்டின் மேல் பூவாலிக்கு அப்படியொரு ஆசை. ஒரு கொடியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு குளத்துத் தண்ணீரில் இப்படியும் அப்படியும் திரும்பி அழகு பார்ப்பாள். "அம்மா, எனக்கு மஞ்சள் எடுப்பா இருக்குமா?" என்று மாதுளையைக் கேட்டுக் கேட்டே துளைத்துவிட்டாள்.

நடை நாள் வந்தது. காட்டுப்பன்றிக் குடும்பம், முயல் குடும்பம், முள்ளம்பன்றிக் குடும்பம் எல்லாரும் ஓடைக்கரையில் கூடினார்கள்.

"என்னம்மா கீரி, என் பொண்ணு பின்னால நான் நடக்கணுமா?" என்று கேட்டான் கூர்மூக்கன்.

"ஆமாம் அண்ணே. வாயை மூடிக்கிட்டு நடக்கணும்!" என்றாள் கீரி அக்கா.

பன்றிக் குட்டிகள் சிரித்துவிட்டன. கூர்மூக்கன் காது கேட்காதவன் போல மேகத்தைப் பார்த்துக்கொண்டான்.

நடை தொடங்கியது. பூவாலி ஒவ்வொரு அடையாளத்தின் முன்னாலும் குனிந்து நிதானமாகப் பார்த்தாள். "பெரிய கல்லு மேல சின்னக் கல்லு. இதுதான் வழி. வலப்பக்கம் இன்னொரு கல்லு இருக்கு. அதனால வலப்பக்கம் திரும்பணும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். சுண்டு பட்டாம்பூச்சியைக் கண்டு உட்கார்ந்தால் அவளும் நின்றாள். அவன் எழுந்த பிறகுதான் நடந்தாள்.

முயல்கள் தாண்டிப் போயின. பன்றிகளும் தாண்டிப் போயின. கூர்மூக்கனுக்குக் கால் பரபரத்தது. வால் துடித்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். அதுவரை நல்ல அப்பாதான்!

அப்போது காற்றில் ஒரு வாசனை வந்தது. வறுத்த நண்டு!

"ஆகா! நாவல் மரத்தடியில நண்டு வறுக்கிறாங்க! இந்தா, இந்தப் புதரைத் தாண்டினா வந்துடும். வாங்க, வாங்க!" என்று துள்ளினான்.

பூவாலி அந்தப் பக்கம் பார்த்தாள். இரண்டு குச்சிகளைக் குறுக்காகப் போட்டு வைத்திருந்தார்கள்.

"அந்தப் பக்கம் போகக் கூடாதுப்பா. குச்சி குறுக்கா இருக்கு."

"குச்சிக்கு என்னம்மா தெரியும்? அப்பா மூக்கு சொல்லுது!"

"தம்பி முள்ளுல நடக்க மாட்டான்ப்பா."

"என்னங்க, இன்னிக்கு அவதானே தலைவர்? சொன்ன பேச்சைக் கேளுங்களேன்!" என்றாள் மாதுளை.

கூர்மூக்கனுக்கு அதற்கும் ஒரு பதில் இருந்தது. "சரி, நீங்க மெதுவா வாங்க. அந்தப் பன்றிக் கூட்டம் முதல்ல போனா நண்டும் மிஞ்சாது, நிழலும் மிஞ்சாது. நான் முன்னாடி போய் நம்ம நாலு பேருக்கும் இடம் பிடிச்சு வைக்கிறேன்!"

பூவாலி வாயைத் திறக்குமுன் புதருக்குள் பாய்ந்துவிட்டான். எல்லாம் குடும்பத்துக்காகத்தானாம்!

முள் கீறியது. சேறு அப்பியது. ஆனால் மூக்கு தப்பவில்லை. நாவல் மரத்தடிக்கு எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தான். நல்ல நிழலாகப் பார்த்து நாலு தேக்கிலையை விரித்தான். ஒன்றில் தலை, ஒன்றில் வால் என்று நாலையும் மறித்துப் படுத்துக்கொண்டான்.

"பார்த்தியா கீரி? நான்தான் முதல்!" என்றான், முன்பே வந்து காத்திருந்த கீரி அக்காவிடம்.

"தலைவர் எங்கே அண்ணே?"

"பின்னாடி வராங்க, வராங்க!"

கீரி அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க மட்டும் முதல்ல வந்து என்ன செய்ய? துண்டு உங்க கழுத்துக்கா?"

கூர்மூக்கன் வாலைச் சுருட்டிக்கொண்டு வழியைப் பார்த்தான்.

முயல்கள் வந்தன. துண்டு கட்டினார்கள். கைதட்டல்! பன்றிகள் வந்தன. கைதட்டல்! கடைசியில் முள்ளம்பன்றிகளும் ஆடி அசைந்து வந்துவிட்டன. பூவாலியைக் காணோம். சடசடவென்று ஒரு மழை பெய்து ஓய்ந்தது. அப்போதும் காணோம். வெயில் மஞ்சளாகிக்கொண்டே போனது.

கூர்மூக்கனுக்கு நண்டு வாசனை இப்போது பிடிக்கவே இல்லை. "ஐயோ, என் பிள்ளைங்க!" என்று எழுந்து வந்த வழியே ஓடினான்.

ஓடினவன் பாதியிலே நின்றான். மண்ணை முகர்ந்தான். ஈர மண் வாசனைதான் வந்தது. புதரை முகர்ந்தான். ஈர இலை வாசனைதான் வந்தது. மழை எல்லா மணத்தையும் கழுவிவிட்டுப் போயிருந்தது, காற்றும் திசை மாறி நண்டு வாசனையைக் கொண்டுபோயிருந்தது! எந்தப் பக்கம் போவது? மகள் எங்கே? தானே எங்கே இருக்கிறான்? ஒன்றும் புரியவில்லை. பிறந்து வளர்ந்த காட்டிலேயே நம்ம கூர்மூக்கன் தொலைந்து போனான்!

கூச்சத்தை விட்டுவிட்டு ஊளையிட்டான். "ஊ... ஊ... பூவாலீ!"

தூரத்திலிருந்து ஒரு சின்ன ஊளை வந்தது. "அப்பா! எங்க இருக்கீங்க?"

"தெரியலையே கண்ணு!"

"அப்படின்னா நகராதீங்க! பக்கத்துல இருக்கிற மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நில்லுங்க! அடிக்கடி குரல் கொடுங்க! நாங்க வரோம்!"

கூர்மூக்கன் ஒரு வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்தான். நின்ற இடத்தில் நிற்பது அவனுக்கு வழக்கமே இல்லை. ஓடலாமா என்று கால் கேட்டது. "சும்மா இரு, தலைவர் சொல்லியிருக்கா!" என்று காலை அதட்டினான். ஊளையிட்டான். பதில் வந்தது. மறுபடி ஊளையிட்டான். பதில் பக்கத்தில் வந்தது.

புதர் விலகியது. முதலில் பூவாலி, அவள் பின்னால் சுண்டு, கடைசியில் மாதுளை. மூன்று பேரும் நனைந்திருந்தார்கள். கூர்மூக்கன் பாய்ந்து போய் எல்லாரையும் நக்கினான். அழுகை வந்துவிட்டது. நரியும் அழும்!

"ஏம்மா இன்னும் போய்ச் சேரல? எங்கடா போனீங்க?"

"நீங்க விட்டுட்டுப் போன இடத்துலயேதான்ப்பா நின்னோம். நீங்க திரும்பி வருவீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

"நான்தான் முன்னாடி போறேன்னு சொன்னேனே! நீங்க பாட்டுக்கு வந்திருக்கலாமே!"

"அம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. ஆனா போகக் கூடாத பக்கம் போனீங்களே, எங்கேயாவது மாட்டிக்கிட்டிருந்தா? ஒருத்தரை விட்டுட்டுத் தலைவர் எப்படிப்பா நடப்பாங்க?"

கூர்மூக்கன் அவளுடைய நனைந்த தலையை நக்கினான். துண்டுக்காக ஏங்கிய பிள்ளை, அது கையை விட்டுப் போனாலும் போகட்டும் என்று அப்பாவுக்காக மழையில் நின்றிருக்கிறது. அப்பாவோ இலை விரித்துப் படுத்திருந்தார்!

மேற்கே பார்த்தான். சூரியன் மரக்கிளைகளுக்குக் கீழே இறங்கிவிட்டது. 'ஓடு, ஓடு!' என்று நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"தலைவரே, எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

பூவாலியின் காதுகள் நிமிர்ந்தன. "முதல்ல எங்க காலடித் தடத்தைப் பார்த்து, நாங்க நின்ன இடத்துக்குத் திரும்பிப் போகணும். தம்பியை நீங்க முதுகில ஏத்திக்கிறீங்களா அப்பா?"

"உத்தரவு!"

மழை மணத்தைக் கழுவியிருந்ததே தவிர, கல்லை அசைக்கவில்லை. பெரிய கல், மேலே சின்னக் கல், பக்கத்தில் ஒரு கல். பூவாலி பார்த்துப் பார்த்து நடந்தாள். கூர்மூக்கன் பின்னால் வந்தான். வாயே திறக்கவில்லை. முதுகில் இருந்த சுண்டுதான் அப்பாவின் காதைப் பிடித்து இழுத்து, "அப்பா, கல்லு! கல்லு!" என்று கத்திக்கொண்டே வந்தான்.

நாவல் மரம் தெரிந்தபோது வெயில் அதன் உச்சியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. விரித்து வைத்த இலைகளில் பன்றிக் குடும்பம் குறட்டை விட்டது. சட்டியில் நண்டுக் கால் ஒன்றுதான் மிச்சம்!

"தலைவரே, எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டாள் கீரி அக்கா.

பூவாலி திரும்பி அம்மாவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், அப்பாவை நன்றாகப் பார்த்தாள். "வந்தாச்சு அக்கா! எல்லாரும் இருக்கோம்!"

துண்டை அப்பாதான் கட்ட வேண்டும். கூர்மூக்கன் கட்டக் கட்ட முடிச்சு அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது.

"இப்படி இல்லப்பா. இந்த நுனியை மேலே விடுங்க. இப்ப அடியில இழுங்க" என்று பூவாலி சொல்லிக்கொடுத்தாள். அவள் சொன்னபடியே கட்டினான். முடிச்சு நின்றது. மஞ்சள் அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

பிள்ளைகளுக்கு முன்னால் ஓடிப் போய் இடம் பிடிக்கும் பெற்றோரைவிட, அவர்கள் வழிகாட்டும்போது பொறுமையாகப் பின்னால் நடந்து வரும் பெற்றோரே பிள்ளைகளை வளர்க்கிறார்கள்.